பாங்கு நேரத்து மதிப்பெண்

அன்வரைத் திருடன் ஆக்கியது நீங்கள்தான். எங்கள் முதலாளி இல்லை, பாலக்கோட்டுக் குடும்பம் இல்லை, தெருக்காரர்கள் இல்லை. நீங்கள்.

போன மாதம் நம் மாவட்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர்களின் சங்கக் கூட்டம் தருமபுரியில் நடந்தது. உங்களைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். மண்டபம் நிறைய இளவட்டங்கள். வீட்டில் கேம் விளையாடுகிற கம்ப்யூட்டரை எப்படித் தேர்வு செய்வது, கிராபிக்ஸ் மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது என்று பேசினீர்கள். "மனுஷன் பொய் சொல்லுவான், நம்பர் பொய் சொல்லாது" என்றீர்கள். கைதட்டினார்கள். நான் கடைசி வரிசையில் எழுந்து நின்றேன். கேள்வி நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கைத் தரவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். யார் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டீர்கள்.

அதனால் சங்க மலரில் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. அதை நீங்களே சொல்லிக்கொள்ள ஒரு வாய்ப்பு தருகிறேன்.

இனி, இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் பேசுகிறேன். அன்று கைதட்டியது நீங்கள்தானே. கேளுங்கள்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் ஒரு கீபோர்டு மட்டும்தான். எல்லாமே அதற்குள் இருக்கும். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில் மாட்டுவோம். கேம் கேசட்டில் வரும். டேப் ரெக்கார்டரில் போட்டால் கீச்சென்று கத்திக்கொண்டே ஏறும். பாதியில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து. அதை வாங்கவும் ஆட்கள் இருந்தார்கள். தக்காளி நல்ல விலைக்குப் போன வருஷங்களில் பாலக்கோட்டிலிருந்தே நிறையப் பேர் வந்தார்கள்.

எங்கள் கடை தருமபுரியில், பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சுவர். பெங்களூரிலிருந்து பாகங்கள் பஸ்ஸில் வரும். நாங்கள் சேர்த்து, சோதித்து, விற்போம். வேலை தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அன்வர். கல்யாணத்துக்குப் போகும் மைக் செட்டுகளைச் சரி செய்து கொண்டிருந்தவர். இன்னொருத்தி நான், செல்வி. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு வந்தவள். வீடுகளுக்குப் போய் ரிப்பேர் பார்ப்பதும் நான்தான். பொம்பளைப் பிள்ளை வந்தால் வீட்டுப் பெண்கள் உள்ளே விடுவார்கள் என்று முதலாளி கணக்குப் போட்டிருந்தார். அது சரியான கணக்குதான்.

அந்தத் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. பாங்கு சொல்ல ஆரம்பித்தால் டீக்கடை ரேடியோ அமுங்கும். கேசட் கடையில் பாட்டு நிற்கும். தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிற வரைக்கும் அப்படித்தான். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. கடை திறந்த அன்றே முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார்: "தொழுவுற நேரத்துல நம்ம டிவி கத்தக் கூடாதுங்க. தெருவுக்கு நாம புதுசு. பேரைக் கெடுத்துக்க வேணாம்."

இதை மனதில் வையுங்கள்.

கடையில் சோதிக்க ஒரே ஒரு கலர் டிவிதான். மதியச் சாப்பாடு வரை அது அன்வர் அண்ணனுக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். காலை பஸ்ஸில் வந்ததை அவர் சேர்த்து முடித்துச் சோதனைக்கு வைக்கும்போது சரியாக மதியப் பாங்கு கேட்கும். நான் வைப்பது அடுத்த பாங்குக்கு முன்பு, தெரு முழுக்க ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது.

சோதனை என்பது ஒரு கேசட். பெங்களூரில் எங்களுக்குச் சரக்கு அனுப்பியவர்களிடம் பொறியாளராக இருந்தவர் எழுதியது. நம் சிறப்பு விருந்தினர்தான். ஓடத் தொடங்கியதும் சத்தம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும். பிறகு திரையில் கோடு போடும், வட்டம் போடும், ஒரு பந்து எகிறி எகிறிச் செங்கல்லை உடைக்கும். பந்து படுகிற ஒவ்வொரு தடவையும் பீப் என்று ஒரு சத்தம். கடைசியில் ஒரு எண் வரும். எண் கூடினால் படம் வேகமாக வருகிறது, மெஷின் உயர்ந்தது. அவ்வளவுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தது.

முதலாளி அந்த எண்ணைச் சாக்பீஸால் அட்டைப்பெட்டியின் மேல் எழுத ஆரம்பித்தார். வியாபார மூளை. பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாம், "எண்பத்தி ரெண்டு இருக்குதே, அதைக் கொடுங்க" என்று கேட்டார்கள். எண் எதைச் சொல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாங்குகிறவர் கேட்க வேண்டியதில்லை. விற்கிறவன் கேட்டிருக்க வேண்டும்.

நான் சோதித்தவை எண்பதைத் தாண்டின. அன்வர் அண்ணன் சோதித்தவை அறுபதை ஒட்டியே நின்றன. ஒன்றிரண்டு என்றால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லாமே அப்படித்தான் வந்தன.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு மெஷின் வாங்கினார்கள். ஒரே வீடு, நடுவில் சுவர் வைத்துப் பிரித்தது, ஆளுக்கொரு டிவி. தம்பி வீட்டுப் பெட்டியில் எண்பத்திரண்டு. அண்ணன் வீட்டுப் பெட்டியில் அறுபத்தொன்று. விலை ஒன்றுதான். மூன்றாம் நாள் அண்ணன் மனைவி கௌரம்மா கடைக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்.

"எங்களுக்கு மட்டும் மட்டமானதைக் குடுத்திருக்கீங்களே, ஏனுங்க? என் ஓரகத்தி அந்த அட்டைப்பொட்டிய வாசல்ல வச்சு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டு இருக்கா. பரிட்சையில மார்க்கு எடுத்த மாதிரி."

"கேம் ஓடுதாம்மா?" என்று முதலாளி கேட்டார்.

"ஓடுது. யாரு இல்லேன்னது? மார்க்குதான் இல்ல."

நாங்கள் சிரித்தோம். அன்வர் அண்ணனும் சிரித்தார். அவர் அந்தக் கடையில் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

முதலாளி பெங்களூருக்குப் போன் போட்டார். பொறியாளர் காலை பஸ்ஸில் கிளம்பி, உச்சிப் பொழுதில் வந்து சேர்ந்தார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. விற்காமல் இருந்த அறுபதுப் பெட்டிகளைத் தனியாக அடுக்கச் சொன்னார். ஒன்றை எடுத்து டிவியில் மாட்டினார். பாங்கு கேட்டது. முதலாளியே சொன்னார், "சத்தம் வேணாம்னு போட்டுடுங்க சார், தொழுவுற நேரம்." அப்படியே போட்டார். அறுபத்தொன்று வந்தது. இன்னொன்று. அறுபது.

"ரிசல்ட் கண்ணு முன்னாடி இருக்கு சார்" என்றார் முதலாளியிடம்.

அன்வர் அண்ணன் சொன்னார்: "சார், நான் எப்பவும் சத்தம் இல்லாமத்தான் ஓட்டுறது. இந்தப் பொண்ணு சத்தத்தோட ஓட்டும். அதுனால எதுனா இருக்குமா பாருங்க."

"சத்தம் இல்லேன்னா மெஷினுக்கு வேலை கம்மி. வேகம் கூடத்தான் வரணும். கூட வர வேண்டியதே குறைச்சலா வருதுன்னா, கோளாறு நான் நெனச்சத விடப் பெருசு."

கேட்டவர்கள் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் மறுத்துப் பேசத் தெரியவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன்.

"சார், நான் சோதிச்சதுல ஒண்ணையும் இப்ப ஓட்டிப் பாருங்க."

"நல்லா இருக்கிறத எதுக்கும்மா ஓட்டணும்?"

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். பிள்ளைகளே, இந்தத் தொழிலில் நான் பார்த்த மிக மோசமான வாக்கியம் இதுதான். சந்தேகப்பட்டதை மட்டும் சோதித்தார். நம்பியதைச் சோதிக்கவில்லை. எண்பது என்று சாக்பீஸால் எழுதிய பெட்டி ஒன்றை அதே நேரத்தில், அதே டிவியில், அதே மாதிரி மாட்டியிருந்தால் அதுவும் அறுபதைக் காட்டியிருக்கும். அந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

அவர் மெஷினைத் திறந்தார். உள்ளே இருந்த சில்லுகளின், அதாவது சிப்களின், மேல் வெவ்வேறு கம்பெனி முத்திரை. பெங்களூரிலிருந்து வருவதே அப்படிக் கலந்துதான் வரும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அவர் முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தபோது முதலாளியின் முகம் மாறியிருந்தது. நல்ல சில்லுகளை அன்வர் எடுத்துக்கொண்டு மட்டமானதை வைத்திருக்கிறான் என்று சொல்லியிருந்தார்.

"அன்வரு, உன் வூட்டை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்" என்றார் முதலாளி.

அன்வர் அண்ணன் கையிலிருந்த சோல்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கினார். பிறகு, "வாங்க" என்றார்.

அவர் வீடு அதே தெருவின் கோடியில். தொழுதுவிட்டு வந்தவர்கள் வீட்டுக்குப் போகிற நேரம். எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவர் மனைவி கைக்குழந்தையோடு கதவோரம் நின்றார். கருவிகள் வைத்திருந்த மரப்பெட்டியை வாசலுக்குக் கொண்டு வரச் சொன்னார் பொறியாளர். உள்ளே வெளிச்சம் போதவில்லையாம். திறந்தார்கள். ஸ்பீக்கர் காந்தம், ஒயர், ஸ்க்ரூ. அடியில் ஒரு பவுடர் டப்பா. குழந்தைக்கு வாங்கியது, தீர்ந்துபோனது. குலுக்கினால் சத்தம் கேட்டது. கவிழ்த்தார்கள். சில்லுகள்.

"எல்லாம் செத்ததுங்க சார்" என்றார் அன்வர் அண்ணன். "ரிப்பேருக்கு வந்ததுல கழட்டுனது. பழகுறதுக்கு வச்சிருக்கேன். மாட்டிப் பாருங்க."

"பாக்குறோம், பாக்குறோம்."

"இப்பவே பாருங்க. கடையில மெஷின் இருக்குது."

பொறியாளர் டப்பாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். பெங்களூரில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். கூட்டத்தில் யாரோ, "பாயி நல்ல மனுசனாச்சே" என்றார்கள். வேறு யாரோ, "நல்ல மனுசன் டப்பாவுல எதுக்கு ஒளிச்சு வைக்கிறான்?" என்றார்கள். அன்வர் அண்ணன் பெட்டியை மூடாமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. வர வேண்டாம் என்று முதலாளியும் ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்.

அந்த வாரமே, கௌரம்மாவுக்கு எண்பத்திரண்டு எழுதிய புதுப் பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கிவரச் சொல்லி என்னைப் பாலக்கோட்டுக்கு அனுப்பினார் முதலாளி. சோதனைக் கேசட்டையும் எடுத்துப் போனேன். திருப்பி வாங்குவதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவது வழக்கம். அங்கே பள்ளிவாசல் பக்கத்தில் இல்லை. சத்தம் வேண்டும் என்று அழுத்தினேன். நான் எப்போதும் அழுத்துவது அதுதான்.

எண்பத்திரண்டு.

அன்வர் அண்ணன் செய்த மெஷின், அவர் மாட்டிய சில்லு, எதையும் யாரும் தொடவில்லை. எண்பத்திரண்டு.

"இந்தப் பொட்டியா இது?" என்றார் கௌரம்மா. "மாத்திட்டியா?"

"இல்லீங்க. உங்களுதுதான்."

மறுபடி, சத்தம் வேண்டாம் என்று ஓட்டினேன். அறுபத்தொன்று. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த டிவியையும் மெஷினையும் கொண்டு வந்து பக்கத்தில் வைக்க முடியுமா என்று கேட்டேன். ஓரகத்திகள் பேசிக்கொள்வது இல்லை. ஆனாலும் கௌரம்மா சுவருக்கு மேலே கத்தினார்: "ஏ லலிதா, உன் டிவியத் தூக்கிக்கிட்டு வா. உன் மார்க்கு என்ன லட்சணம்னு பாத்துடலாம்."

லலிதா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கேசட்டை ஒன்றில் ஏற்றிவிட்டு எடுத்து மற்றதிலும் ஏற்றினேன். ஒன்று சத்தத்தோடு, ஒன்று சத்தம் இல்லாமல். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். அந்தப் பந்து எங்கே போகிறதோ அங்கேதான் இந்தப் பந்தும். ஒரே செங்கல்லை ஒரே நேரத்தில் உடைத்தன. இரண்டும் ஒன்றாகவே முடிந்தன. ஒன்று எண்பத்திரண்டு காட்டியது. மற்றது அறுபத்தொன்று.

கௌரம்மா இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானே முடிச்சுது. அப்புறம் மார்க்கு மட்டும் எதுக்கு வேற?"

லலிதா தன் டிவியின் ஒயரைக் கழற்ற ஆரம்பித்தார். பெட்டியை வாசலில் வைத்துக் காட்டியவர் அவர்தானே.

காரணம் எளிது. அந்த மெஷினுக்கு ஒரே மூளை. பீப் போடும்போது அது பீப் மட்டும்தான் போடும். நேரத்தை எண்ணுகிற வேலையைக்கூட அந்த நேரத்தில் நிறுத்திவிடும். ஓட்டத்தை அளந்த கடிகாரம் மெஷினுக்குள்ளேயே இருந்தது. பீப் போட்ட நேரம் எல்லாம் கணக்கில் விட்டுப்போனது. சத்தம் வேண்டாம் என்றால், பந்து தறிகெட்டு ஓடாமல் இருக்க, பீப் இருந்த இடத்தில் அதே அளவு சும்மா நிற்கும்படி எழுதியிருந்தார்கள். சும்மா நின்ற நேரத்தைக் கடிகாரம் ஒழுங்காக எண்ணியது. அதனால் நேரம் கூடியது, மதிப்பெண் குறைந்தது. உண்மையான எண் அறுபத்தொன்றுதான். நான் சோதித்த எண்பதுகள்தான் பொய்.

நான் அங்கேயே எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் பெங்களூருக்குப் பேசினேன். பொறியாளர் கிடைத்தார். முழுதும் சொன்னேன். நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிறகு, "சரிம்மா, நான் பாக்குறேன்" என்று வைத்துவிட்டார்.

அடுத்த சரக்கோடு புதுச் சோதனைக் கேசட் வந்தது. அதில் சத்தம் வேண்டுமா என்ற கேள்வியே இல்லை. பீப்பும் இல்லை. ஒரு கடிதம் இல்லை, ஒரு விளக்கம் இல்லை. கேள்வியை எடுத்துவிட்டார். அப்படியென்றால் அவருக்குப் புரிந்தது என்றுதானே அர்த்தம்? வெளியே சொன்னால் அதுவரை கடை கடையாக எழுதி விற்ற எண்பதுகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். ஒரு ஆள் திருடன் என்று இருந்துவிட்டுப் போவது சுலபமாக இருந்தது.

முதலாளி கெட்டவர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானேதானே சத்தம் வேணாம்னு சொன்னேன்" என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு அன்வர் அண்ணன் வீட்டுக்குப் போனார்.

"நடந்தது நடந்துபோச்சு அன்வரு. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"வர்றேனுங்க. தெருவுல நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

"வூட்டுக்குள்ள வந்து சொல்லிட்டேனே. அதை ஏன் பெருசு பண்றே?"

"பெருசு பண்ணது நான் இல்லீங்களே. ஊருக்கு முன்னாடி பொட்டியத் தொறந்தீங்க. ஊருக்கு முன்னாடி மூடுங்க. அந்த டப்பாவுல என்ன இருந்துச்சுன்னு அந்த ஆளு வந்து சொல்லட்டும்."

முதலாளி பெங்களூருக்கு இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வரவில்லை. அவர் வராமல் தான் மட்டும் எப்படித் தெருவில் நிற்பது என்று முதலாளி தயங்கினார். தயங்கித் தயங்கியே விட்டுவிட்டார். அன்வர் அண்ணன் கம்பைநல்லூருக்குக் குடிபோனார். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் ரிப்பேர் செய்து பிழைத்தார். டிவி, கம்ப்யூட்டர் எதையும் அவர் அதன்பிறகு தொடவில்லை. யாராவது கொண்டு வந்தால், "அது நமக்கு வேணாங்க, வேற எங்கனா காட்டுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாராம்.

இப்போது உங்களிடம் வருகிறேன், பிள்ளைகளே. நீங்களும் மதிப்பெண்ணைத்தான் விற்கிறீர்கள். ஏசி அறையில் மூடியைத் திறந்து வைத்து ஓட்டி எடுத்த எண்ணை விளம்பரமாகப் போடுகிறீர்கள். அரூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை மாதத்தில் அது ஓடுகிறது. படம் திக்கித் திக்கி வருகிறது என்று வாங்கியவர் சொன்னால், "ஸ்கோர் நல்லாத்தானே இருக்கு, உங்க வீட்டு கரண்டு சரியில்ல" என்கிறீர்கள். ஒரு எண் வந்தால், அதை அளந்தது யார் என்று கேளுங்கள். எதை எண்ணாமல் விட்டது என்று கேளுங்கள். மட்டமானது என்று நினைப்பதை ஓட்டும்போது, நல்லது என்று நினைப்பதையும் பக்கத்தில் வைத்து அதே மாதிரி ஓட்டுங்கள். எண்ணை வைத்து மெஷினைக் குறை சொல்லலாம், திருத்திக்கொள்ளலாம். ஒரு ஆளைக் குறை சொல்வதற்கு முன் நூறு தடவை ஓட்டிப் பாருங்கள். மெஷினைப் பிரித்தால் திரும்பப் பூட்டலாம்.

அன்வர் அண்ணன் இறந்து சில வருஷம் ஆகிறது. போன வருஷம் தருமபுரியில் ஒரு கல்யாணத்தில் ஒரு பெண் என்னிடம் வந்து நின்றாள். அன்று கதவோரம் அம்மா இடுப்பில் இருந்த குழந்தை. இப்போது பள்ளிக்கூட டீச்சர். சாப்பாட்டுப் பந்தி சத்தத்தில் பக்கத்தில் குனிந்து கேட்டாள்: "நீங்க அங்க வேலை செஞ்சீங்கல்லக்கா? எங்க அத்தா எதுனா எடுத்தாரா? அம்மா இல்லேன்னு சொல்லும். அம்மா அப்படித்தானே சொல்லும். அதான் உங்களக் கேக்குறேன்."

இல்லை என்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடைசியில் கேட்டாள்: "அப்போ அந்த டப்பா எங்க போச்சுக்கா?"

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறது, ஐயா. அதைப் பையில் போட்டுக்கொண்டு போனவர் நீங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தெருவுக்கு முன்னால் வாக்குக் கொடுத்தவர் நீங்கள். பார்த்தீர்களா? ஒரு சில்லையாவது எடுத்து மெஷினில் மாட்டினீர்களா? ஒன்றாவது உயிரோடு இருந்ததா?

என் வீட்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டாம். எங்கள் சங்கம் மறுபடி கூடும்போது வாருங்கள். அதே மேடை, அதே மைக். அந்த டீச்சரை முதல் வரிசையில் உட்கார வைக்கிறேன். எல்லோருக்கும் முன்னால் சொல்லுங்கள்: அந்தப் பவுடர் டப்பாவில் என்ன இருந்தது?